கோபத்தின் பெயர் தெரிந்த சிறுவன்: இரண்டாம் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு. 32 பிள்ளைகள், ஒரு வகுப்பாசிரியை, ஓர் உதவியாளர், வாரம் இரண்டு நாள் வரும் பள்ளி ஆலோசகர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாம் நீக்கப்பட்டுள்ளன. நடுவில் இருப்பவன் ஏழு வயதுப் பையன். இங்கே 'சிறுவன்' என்றே குறிப்பிடப்படுகிறான்.

இந்தப் பள்ளியில் உணர்வுக் கல்வி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். சுவரில் 20 முகங்கள் வரைந்த படம். அந்தப் பாடவேளையில் சிறுவன் கெட்டிக்காரன். எந்த முகத்தைக் காட்டினாலும் பெயர் சொல்வான். "கோபம் வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டால், "மூச்ச இழுத்து விடணும், பத்து எண்ணணும்" என்று முதலில் கை தூக்குவதும் அவன்தான். அப்படிச் சொன்ன ஒரு நாளின் பிற்பகலில் பக்கத்துப் பையனின் புறங்கையில் பென்சிலால் குத்தினான். முனை உடைந்து தோலுக்குள் நின்றது.

அதற்கு முன்பும் தள்ளுவது, புத்தகத்தை வீசுவது, கடிப்பது என்று நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கையாண்ட விதம் ஒன்றே: வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தல், 'சாரி' சொல்ல வைத்தல், டைரியில் பெற்றோருக்குக் குறிப்பு எழுதுதல். பென்சில் சம்பவத்துக்குப் பிறகு மற்றப் பெற்றோர் சிலர் தலைமை ஆசிரியரைச் சந்தித்தார்கள். அவனை வேறு பிரிவுக்கு மாற்றும் யோசனை எழுந்தது. மாற்றினால் பிரச்சினை அறை மாறுமே தவிர தீராது என்று ஆலோசகர் சொன்னதால், ஒரு பருவத்துக்கு அந்த முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

முதல் இரண்டு வாரம்: கவனித்தவை

எதையும் மாற்றும் முன் பத்துப் பள்ளி நாட்கள் குறித்து வைப்பது என்று தீர்மானித்தார்கள். குறிப்பேட்டில் நான்கு பத்திகள்: நேரமும் இடமும், அதற்குச் சற்று முன் நடந்தது, அவன் செய்தது, அதன்பின் மற்றவர்கள் செய்தது. 'முரட்டுத்தனம்', 'அடங்காமை' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. 'இடப்பக்கம் இருந்தவனின் தோளை இரண்டு கையாலும் தள்ளினான்' என்பதுபோல் கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். ஒரு சம்பவத்துக்கு நான்கு வரி போதும். ஆனால் சில நிமிடங்களுக்குள் எழுதிவிட வேண்டும். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் முதலில் தொலைவது 'சற்று முன் நடந்தது' என்ற பத்திதான். அதிகம் உதவுவதும் அதுதான்.

பத்து நாளில் இரண்டு நேரங்கள் துலங்கின. ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும்போது நோட்டுகளைத் திரட்டும் நேரம். இன்னொன்று, இடைவேளைக்குக் கழிப்பறைப் பக்கம் வரிசையில் நிற்கும் நேரம். வாய்வழிப் பாடம், பாட்டு, மணிகளை எண்ணிக் கணக்குப் போடுதல் ஆகியவற்றில் ஒரு சம்பவம்கூட இல்லை. 'எப்பப் பார்த்தாலும் அடிக்கிறான்' என்று எல்லோரும் சொல்லிவந்த பிள்ளை, நாளின் பெரும்பகுதி யாரையும் அடிக்காமல் இருந்தான்.

அடிப்பதற்கு முன் அவன் உடல் காட்டிய அடையாளங்களும் பதிவாயின. பென்சிலை விரல்களால் பிடிப்பதை விட்டு முழுக் கையால் இறுக்குவான். காதுமடல் சிவக்கும். நோட்டை இடக்கையால் மறைத்துக்கொண்டு அதன்மேல் கவிழ்வான். கூப்பிட்டால் பதில் வராது. இந்த நிலை அரை நிமிடமாவது நீடித்தது. தலையிட வேண்டியது அந்த அரை நிமிடத்தில்தான். அதுவரை எல்லோரும் அடி விழுந்த பிறகே அவன் பக்கம் திரும்பினார்கள்.

கடைசிப் பத்தி சொன்னது வேறு. அடித்தவுடன் அவனை வெளியே அனுப்பினார்கள். பாதியில் நின்ற எழுத்து வேலையை அதன்பின் யாரும் கேட்கவில்லை. தண்டனை என்று நினைத்துச் செய்தது, அவனுக்குப் பிடிக்காத வேலையிலிருந்து விடுதலையாக முடிந்திருக்கிறது. டைரியில் குறிப்பு போன மறுநாள் காலை அவன் இன்னும் விறைப்பாக வந்தான். ஏன் என்பது பெற்றோரைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது.

முதலில் விலக்கிப் பார்க்க வேண்டியவை

நடத்தைத் திட்டம் போடும் முன் காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். பாதி காதில் விழும் பிள்ளை 'சொன்னதைக் கேட்காத' பிள்ளையாகத்தான் தெரியும். இவனுக்கு இரண்டும் சரியாக இருந்தன. தூக்கம், சாப்பாடு, அண்மையில் நடந்த மாற்றங்கள் பற்றிக் கேட்டதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் டைரியில் குறிப்பு வரும் நாளெல்லாம் வீட்டில் அடி விழுந்திருக்கிறது. அம்மா அதை மறைக்கவில்லை. பள்ளி எதிர்பார்ப்பதே அதைத்தான் என்று நினைத்திருந்தார். ஆலோசகர் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு நடைமுறைப்படி இதைப் பதிவு செய்து தலைமை ஆசிரியரிடம் தெரிவித்தார். அன்றிலிருந்து டைரிக் குறிப்பு நிறுத்தப்பட்டது. பதிலாக வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு. முதலில் அந்த வாரம் நன்றாக நடந்த ஒன்று, பிறகு சிக்கலான ஒன்று, அதற்குப் பள்ளி என்ன செய்தது என்பது. வீட்டில் அதற்காக மறுபடி தண்டிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வாரமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் முன்வைத்தபோது, உணர்வை இனங்காணுவது அதன் ஒரு பகுதி மட்டுமே. உணர்வைச் சீராக்குவதும் அதைப் பயன்படுத்துவதும் தனித் திறன்கள். இந்தப் பள்ளியின் பாடவேளை முதல் பகுதியிலேயே நின்றுவிட்டது. ஏழு வயதில், கொந்தளிப்பின் உச்சத்தில், மனப்பாடம் செய்த விடை உதவிக்கு வராது. உந்துதலைத் தடுத்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதைத் தாண்டியும் காலம் எடுக்கும். அமைதியான நேரத்தில் உடம்புக்குப் பழகிப்போன செயல் மட்டுமே அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

2011-இல் ஜோசப் டர்லக்கும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) 213 பள்ளித் திட்டங்களை, ஏறத்தாழ 2,70,000 மாணவர்களை எடுத்துக்கொண்டது. படிப்படியான பயிற்சி, பிள்ளைகளே செய்து பழகுதல், அதற்கென ஒதுக்கிய நேரம், இன்ன திறன் என்ற தெளிவு ஆகிய நான்கும் இருந்த திட்டங்கள் கூடுதல் பலன் தந்தன என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. சுவர்ப்படத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

சூழலை முதலில் மாற்றியது. பாதியில் நோட்டைப் பிடுங்கினால் பெரியவர்களுக்கும் எரிச்சல் வரும். நியாயமான எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது உணர்வுக் கல்வி ஆகாது. ஆகவே முழு வகுப்புக்கும் நோட்டு திரட்ட ஐந்து நிமிடம் முன்பும் இரண்டு நிமிடம் முன்பும் முன்னறிவிப்பு. முடியாத வேலைக்கு ஒரு தனித் தட்டு. மறுநாள் காலை முதல் பத்து நிமிடம் அதற்கு. வரிசை ஒன்றுக்குப் பதில் எட்டு எட்டுப் பேராக நான்கு முறை அனுப்புதல்.

சொற்களைக் குறைத்தது. 20 முகங்கள் கழற்றப்பட்டன. ஆறு சொற்கள் மட்டும் நின்றன: சந்தோஷம், வருத்தம், பயம், கோபம், கடுப்பு, வெட்கம். கடைசி மூன்றும் பிள்ளைகளின் வாயில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு: கொஞ்சம், நிறைய, தாங்க முடியல. இந்த அளவுகோல்தான் பயன்பட்டது. 'கொஞ்சம்' என்ற கட்டத்தில் கண்டுகொண்டால் மட்டுமே செய்வதற்கு ஏதாவது மிஞ்சும். பெயருக்கு முன் உடல்: "கோபம் வரும்போது உன் கை என்ன செய்யுது? வயிறு?" என்று கேட்டுத் தொடங்கினார்கள்.

ஒரே ஒரு உத்தி, தினமும். ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதைப் போலச் செய்யும் பழைய வகுப்பறை உத்தி எடுத்துக்கொள்ளப்பட்டது. கையில் இருப்பதைக் கீழே வை. கைகளைக் குறுக்கே மடித்துத் தோள்களைப் பிடி. மூன்று எண்ணும் வரை மூச்சை இழு, ஐந்து எண்ணும் வரை விடு; மூன்று முறை. பிறகு ஒரு வாக்கியம் சொல். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். 'நல்லா மூச்ச இழு' என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் தோளைத் தூக்கி வேகமாக இழுத்து இன்னும் படபடக்கிறார்கள். வருகைப்பதிவு முடிந்ததும் இரண்டு நிமிடம், எல்லோரும், தினமும். வாரப் பாடவேளையின் 40 நிமிடம் 15 ஆகச் சுருக்கப்பட்டு, மிஞ்சிய நேரத்திலிருந்து இந்த இரண்டிரண்டு நிமிடங்கள் எடுக்கப்பட்டன.

அமைதி மூலை. ஒரு பாய், ஐந்து நிமிட மணல் கடிகாரம், வெற்றுத்தாள், நான்கு கிரேயான், தண்ணீர். பொம்மையும் கதைப்புத்தகமும் வைக்கவில்லை. வைத்தால் விளையாட்டிடம் ஆகிவிடும். போவது பிள்ளையின் விருப்பம். திரும்பி வந்ததும் விட்ட வேலை காத்திருக்கும், ஆனால் சிறியதாக: ஐந்து வரிக்குப் பதில் இரண்டு வரி.

பெரியவர்களின் பேச்சு. முன்சொன்ன அடையாளம் தெரிந்ததும் ஆசிரியை பக்கவாட்டில் குனிந்து, தாழ்ந்த குரலில், மூன்று சிறு வாக்கியம் மட்டும்: "கடுப்பா இருக்கு போல. அடிக்க விடமாட்டேன். நான் இங்கதான் இருக்கேன்." விளக்கம், கேள்வி, அறிவுரை எதுவும் அப்போது கூடாது. "ஏன் இப்படிச் செய்றே?" என்பதுதான் மிகத் தவறான கேள்வி, விடை அவனுக்கே தெரியாது.

அடிபட்ட பிள்ளை முதலில். யாராவது அடிபட்டால் ஆசிரியை முதலில் போவது அடிபட்டவரிடம். கட்டாய 'சாரி' நிறுத்தப்பட்டது. குறைந்தது இருபது நிமிடம் கழித்து, முகம் தெளிந்த பின், நான்கு கேள்விகள்: என்ன நடந்தது? உனக்குள் என்ன இருந்தது? யாருக்கு வலித்தது? எப்படிச் சரிசெய்யலாம்? உடைந்த பென்சிலுக்குப் பதில் வேறொன்றைச் சீவித் தருவது, கிழிந்த தாளை ஒட்டித் தருவது என்று செய்கையாக முடிய வேண்டும். அடிபட்ட பிள்ளைக்கு விருப்பம் இல்லையென்றால் அவரிடம் கூட்டிப்போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மன்னிக்கும்படி அடிபட்டவரை நெருக்குவது அவருடைய உணர்வைத் துடைத்தெறிவது.

நடந்தவை

திட்டம் தொடங்கிய முதல் இரண்டு வாரம் நிலைமை மோசமானது. முன்பு அடித்தால் எழுத்திலிருந்து தப்பலாம். இப்போது திரும்பி வந்தும் இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. பழகிய வழி அடைபடும்போது பிள்ளை அதே வழியை இன்னும் ஓங்கித் தட்டிப் பார்ப்பது எதிர்பார்க்கக்கூடியது. ஆலோசகர் இதை முன்கூட்டியே தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லியிருந்ததால் திட்டம் பிழைத்தது. இதுபோன்ற முயற்சி கைவிடப்படும் ஆபத்து இருப்பது இந்த இரண்டு வாரத்தில்தான்.

மூன்றாம் வாரம் ஆசிரியை விடுப்பில் இருந்தார். மாற்று ஆசிரியருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளை "போய் அந்த மூலையில உட்காருங்க" என்று அனுப்பினார். அந்த ஒரு நாளில் அமைதி மூலை தண்டனை மூலை ஆனது. அதன்பின் ஏறக்குறைய இரண்டு வாரம் எந்தப் பிள்ளையும் தானாக அங்கே போகவில்லை. ஆசிரியை தானே அவ்வப்போது பாயில் உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் எரிச்சலா இருக்கு, ஒரு நிமிஷம் இருந்துட்டு வரேன்" என்று செய்துகாட்டித்தான் அதை மீட்டார். ஒரு பக்கக் குறிப்பு அட்டை மேசை இழுப்பறையில் வைக்கப்பட்டது: அவனுடைய அடையாளங்கள், மூன்று வாக்கியம், மூலைக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்பது.

காலையில் பெயர்ச்சீட்டை உணர்வுப் பலகையில் குத்தும் வழக்கமும் சிக்கலானது. முதல் பிள்ளை எங்கே குத்துகிறதோ அங்கேயே பத்துச் சீட்டு சேரும். ஒரு பையன் தினமும் 'வருத்தம்' என்று குத்த, மற்றவர்கள் கேலி செய்தார்கள். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பிள்ளைகள் உண்மை சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பலகையை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவுச் சீட்டில் வண்ணம் தீட்டி ஆசிரியையின் பெட்டியில் போடும்படி மாற்றினார்கள்.

இந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. பலகையில் தினமும் 'சந்தோஷம்' என்று குத்திய ஒரு சிறுமி, சீட்டில் நான்கு நாள் தொடர்ந்து பயத்தின் நிறத்தை அழுத்தித் தீட்டியிருந்தாள். 'தாங்க முடியல' என்ற மூன்றாம் கட்டம் வரை. சிறுவனுக்குப் பின்வரிசை, நல்ல மதிப்பெண், யாரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை புகார் சொன்னதில்லை. ஆலோசகர் தனியாகப் பேசியபோது தெரிந்தது: கழிப்பறை வரிசையில் இரண்டு முறை தள்ளப்பட்ட பிறகு அவள் பள்ளி நேரத்தில் கழிப்பறைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் விட்டிருந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீடு திரும்பியதை அம்மா கவனித்திருந்தார். காரணம் கேட்டபோது "மறந்துட்டேன்" என்றாளாம்.

அவளுக்கான ஏற்பாடு சிறியது. தோழி ஒருத்தியுடன் வரிசைக்கு இரண்டு நிமிடம் முன்பே போகலாம். இடம் சிறுவனிடமிருந்து மூன்று வரிசை தள்ளி. கையை நீட்டி, "நிறுத்து, எனக்குப் பிடிக்கல" என்று உரக்கச் சொல்லும் பயிற்சி முழு வகுப்புக்கும் தரப்பட்டது. அடங்கிய பிள்ளைகளுக்குக் குரலை உயர்த்துவதும் உணர்வுத் திறன்தான். பெற்றோரிடம் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள், சிறுநீரை அடக்குவதால் தொற்று வரக்கூடும் என்பதால். இந்த ஏற்பாட்டின் இரண்டாவது வாரம் பாட்டில் பாதி காலியாகத் திரும்பியது.

சிறுவனிடம் மாற்றம் ஏழாம் வாரம் அளவில் தென்பட்டது. நோட்டு திரட்டும் நேரம். பென்சில் முழுக்கைக்குள் போயிற்று, காது சிவந்தது. ஆசிரியை எழுந்து வருவதற்குள் அவனே பென்சிலை மேசையில் டக்கென்று வைத்தான். தோள்களைப் பிடித்துக்கொண்டான். மூச்சு இரண்டு முறைதான் சரியாக வந்தது. பிறகு, "டீச்சர், கடுப்பா இருக்கு. நான் இன்னும் மூணாவது வரியிலதான் இருக்கேன்" என்றான்.

அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைக் கேட்டுத்தான் ஆசிரியை அவனுடைய நோட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார். எழுத்துகள் அளவு மாறி மாறி, கோட்டை விட்டு ஏறி இறங்கி, தாள் துளைபடும் அழுத்தத்துடன். மற்றவர்கள் ஆறு வரி எழுதும் நேரத்தில் அவன் மூன்று வரி. வாய்வழியாகக் கேட்டால் எல்லாம் தெரியும். எழுத்துச் சிரமம் இருக்கலாம் என்று மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) விரல்பிடிப்பிலும் நுண்ணசைவிலும் பின்தங்கல் இருப்பதை உறுதிசெய்து பயிற்சி தொடங்கினார். பள்ளி பென்சில் பிடியும் அகலக் கோட்டு நோட்டும் தந்தது. எழுத்தின் அளவைக் குறைத்து, மீதியை வாயால் சொல்ல அனுமதித்தது.

பருவ முடிவில் எழுத்து நேரத்தில் யாரையும் அடிப்பது நின்றிருந்தது. வரிசையிலும் அப்படியே. ஆனால் விளையாட்டில் தோற்கும்போது இன்னும் தள்ளுகிறான். திடலில் 'முன்னறிவிப்பு' கொடுக்க வழியில்லை, அங்கே நிற்கும் பெரியவரும் வேறு. பென்சில் குத்து வாங்கிய பையன் அவனுடன் விளையாடச் சேரவில்லை. அதற்கு யாரும் அவனை வற்புறுத்தவும் இல்லை.

மாற்ற வேண்டியவை

நோட்டுகளை முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும். நடத்தைக் குறிப்பேடு எழுதத் தொடங்கும் அன்றே, அதே நேரத்தில் பிள்ளையின் கையில் இருந்த வேலையையும் எடுத்துப் பார்ப்பது இனி நடைமுறை. சம்பவம் நடந்த பாடவேளையின் பக்கம் குறிப்பேட்டுடன் இணைக்கப்படும்.

தனிச்சீட்டு முதல் நாளே தொடங்க வேண்டும். ஒருவன் அடிக்கும் வகுப்பில் இன்னும் 31 பேர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் போடாத பிள்ளைகளுக்காகத் தனியே ஒரு பார்வைப் பட்டியல் சேர்க்கப்பட்டது: தண்ணீர் குடிக்கிறதா, கழிப்பறை போகிறதா, இடைவேளையில் யாருடன் நிற்கிறது, பள்ளிக்கு வராத நாட்களில் ஒரே மாதிரித் தன்மை ஏதும் தெரிகிறதா. ஆசிரியை வாரம் எட்டுப் பேரைப் பார்த்தால் மாதத்தில் வகுப்பு முழுக்க முடியும்.

பயிற்சி வகுப்பாசிரியையுடன் நின்றதால்தான் மூன்றாம் வார விபத்து. திடல் பொறுப்பாளர், வாகன உதவியாளர், மாற்று ஆசிரியர் எல்லோருக்கும் மூன்று வாக்கியமும் அமைதி மூலை விதியும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும். திடலுக்குத் தனித் திட்டம் அடுத்த பருவத்தில்: ஆட்டம் தொடங்கும் முன் "தோத்தா என்ன செய்யப் போற?" என்று ஒரு கேள்வி, தோற்றவருக்கு அடுத்த ஆட்டத்தில் ஒரு பொறுப்பு.

மதிப்பெண் அட்டையில் 'உணர்வுக் கட்டுப்பாடு' என்று ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று நிர்வாகம் கேட்டது. ஆலோசகர் மறுத்துவிட்டார். தரம் போட்டால் பிள்ளைகள் அமைதியாக நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். அந்தச் சிறுமி பலகையில் 'சந்தோஷம்' என்று குத்தியதும் அதே நடிப்புதான். பதிலாக, மூன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் தருவதற்கு இரண்டு தனிப் பக்கங்கள் எழுதப்பட்டன. சிறுவனுடையதில் அடையாளங்கள், உதவுபவை, எழுத்துப் பயிற்சியின் நிலை, திடலில் இன்னும் முடியாதது. சிறுமியுடையதில் இரண்டு வரி: இடைவேளைக்கு யாருடன் போகிறாள் என்று பார்க்கவும், தண்ணீர் பாட்டிலைப் பார்க்கவும்.